சரவிளக்கு: கொக்கிக்கு மேலே என்ன இருக்கிறது?

போன இதழில் ஹால் அலங்காரம் பற்றி ஒரு படக்கட்டுரை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சரவிளக்கு. அதன் பலனாக, இந்த முறை எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி விளக்கு மாட்டுவது பற்றித்தான். சிமென்ட் விரிசல், பாத்ரூம் ஓதம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): எங்கள் வீடு கட்டி ஒரு வருடம் ஆகிறது. ஹால் இரண்டு மாடி உயரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சரவிளக்கு ஒன்று வாங்கினோம். பித்தளைத் தண்டு, பதினெட்டு கைகள், கண்ணாடித் தொங்கல்கள். மொத்தம் 38 கிலோ. ஹால் நடுவில் இருக்கும் ஃபேன் கொக்கியிலேயே மாட்டலாம், அது எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். வீடு தாங்காது, கூரையே இறங்கிவிடும் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, இரண்டு பேரும் பாதி சரி. மாமனாரிடம் முதலில் சொல்லுங்கள்: கூரை இறங்காது. குடியிருப்பு வீட்டின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ நடமாட்டச் சுமை தாங்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஆட்கள் ஏறுகிற மொட்டை மாடிக்கு 150 கிலோ. ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய கூரைக்கு 38 கிலோ ஒரு பொருட்டே இல்லை.

தோற்பது தளம் அல்ல, விளக்கும் தளமும் சேரும் இடம். எலக்ட்ரீஷியனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் கொக்கி கான்கிரீட்டுக்குள்ளே எதில் மாட்டியிருக்கிறது, தம்பி?" கொக்கி உட்கார்ந்திருக்கும் ஃபேன் பாக்ஸ் அவர் போட்டதாக இருந்தால் பதில் சொல்வார். வேறு யாரோ போட்டதென்றால் அவருக்கும் தெரியாது. கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கிற சென்ட்ரிங் பலகையில் ஃபேன் பாக்ஸை வைக்கும்போது, கொக்கிக் கம்பியின் இரண்டு கால்களும் தளத்தின் கம்பி வலைக்கு மேலே ஏறி உட்கார்ந்து, பைண்டிங் கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். நிறைய இடங்களில் கான்கிரீட் போடுகிற நாள் காலையில் அவசர அவசரமாக பாக்ஸை ஆணி அடித்துவிட்டுப் போவார்கள். கம்பி வலையோடு அதற்கு உறவே இருக்காது. நாலைந்து கிலோ ஃபேனுக்கு அது போதும், வருடக்கணக்கில் சுற்றவும் சுற்றும். அதைப் பார்த்துத்தான் 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற தைரியம் வருகிறது. கான்கிரீட் போடும்போது எடுத்த போட்டோ உங்களிடம் இருந்து, அதில் கொக்கி கம்பிக்கு மேல் ஏறியிருப்பது தெரிந்தால் சொல்லுங்கள், வேறு பதில் தருகிறேன். இல்லையென்றால் அந்தக் கொக்கியை ஒயர் வருகிற வழியாக மட்டும் வைத்துக்கொண்டு, எடைக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள்.

அந்தத் தனி ஏற்பாடு இப்படி. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள, ஆறு அங்குலச் சதுர இரும்புத் தகடு ஒன்று. நடுவில், தலையில் வளையம் உள்ள கண் போல்ட்டு, தகட்டுக்குப் பின்னால் நட்டும் லாக் நட்டும் போட்டு. அந்த நட்டு தகட்டைத் தளத்தோடு ஒட்டவிடாது, அதனால் நான்கு மூலையிலும் கெட்டியான இரும்பு வாஷர்களை அடுக்கித் தகட்டைக் கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். மூலைக்கு ஒன்றாகப் பத்து மில்லிமீட்டர் ஆங்கர் ஃபாஸ்டனர் (துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடிக்கும் போல்ட்டு) நான்கு. ஒன்றே ஒன்று கணக்குக்குப் போதுமே என்று கடைக்காரர் சொல்லலாம். அவருக்கு ஹாலின் நடுப்பகுதியைப் பற்றித் தெரியாது.

இதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். தளம் தன் எடையாலேயே கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே தொய்கிறது. அப்போது மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் முக்கியக் கம்பிகளை அடியில் போடுகிறோம். இழுபடும் இடத்தில் மயிரிழை விரிசல்கள் வருவது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இழுப்பு எங்கே அதிகம் தெரியுமா? ஹாலின் நட்டநடுவில். சரவிளக்கை நாம் எங்கே மாட்டுகிறோம்? அங்கேயேதான். துளையின் ஓரமாக ஒரு விரிசல் ஓடினால் துளை துளியளவு விரியும், சாதாரண புல்லட் ஃபாஸ்டனரின் பிடி தளரும். ஆகவே கடையில் கேட்கும்போது விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கும் வகையாகக் கேளுங்கள். விலை கூடத்தான். 38 கிலோ கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கப் போகிறவர் நீங்கள்.

துளை போடுவதிலும் கவனம் வேண்டும். கூரைப் பூச்சு அரை அங்குலம்வரை இருக்கும். அதை ஆழக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தகடு உட்காரும் இடத்தில் பூச்சைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, வாஷர்கள் கான்கிரீட்டின் மேலேயே உட்காரும்படி தகட்டை வைக்கச் சொல்லுங்கள். டிரில் இரும்பில் தட்டினால் அது தளத்தின் முக்கியக் கம்பி. கூடுதல் பலம் கொடுத்து அதை அறுக்காமல், துளையை நகர்த்த வேண்டும். ஃபேன் பாக்ஸிலிருந்து சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரை நோக்கி பி.வி.சி பைப் தளத்துக்குள்ளேயே ஓடும், அந்தத் திசையில் துளை வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்வது சொல்லாமலே தெரியும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன். துளை போட்டதும் பிரஷ் விட்டுச் சுரண்டி, ஊது பம்பால் தூசியை வெளியே தள்ள வேண்டும். தூசியோடு அடித்த ஃபாஸ்டனர் முறுக்கும்போது இறுகுவதுபோலவே இருக்கும், ஆனால் பிடிப்பது மாவை. உயரத்தில் சாரத்தில் நின்று கழுத்தை அண்ணாந்து வேலை செய்கிறவர் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். கீழே நின்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

தகடு ஏறியதும் உடனே விளக்கை மாட்டாதீர்கள். குவாலியரில் ஜெய் விலாஸ் அரண்மனை என்று ஒன்று இருக்கிறது, 1874-இல் கட்டியது. அதன் தர்பார் ஹாலில் தொங்கும் இரண்டு சரவிளக்குகளும் ஒவ்வொன்றும் மூன்றரை டன் என்பார்கள். அவற்றை மாட்டுவதற்கு முன்னால் கூரைமேல் யானைகளை ஏற்றிப் பார்த்தார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, யோசனை நல்ல யோசனை. உங்களுக்கு யானை வேண்டாம், சிமென்ட் மூட்டை போதும். மின்விளக்குகளுக்கான சர்வதேச விதி, ஐ.இ.சி 60598, தொங்கும் விளக்கின் எடையைப் போல நான்கு மடங்கை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. அது விளக்கின் தொங்கலுக்கான சோதனை. கூரையில் அறைந்த தகட்டுக்கும் நான் அதையே பிடித்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கில் 38 நான்கு 152. ஐம்பது கிலோ மூட்டை மூன்று, கூடவே இரண்டு கிலோ எடை ஒன்று, சரியாக வந்துவிட்டது. நல்ல கயிற்றில் கட்டி, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மட்டும் நிற்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் பழைய மெத்தை. அந்த ஒரு மணி நேரமும் ஹாலுக்குள் யாரும் வரக் கூடாது, பூனை உட்பட. முடிந்ததும் மேலே ஏறி, தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு தடிமன் மாறியிருந்தால்கூட அந்த ஃபாஸ்டனரை நம்ப வேண்டாம்.

இனி விளக்குக்கு வருவோம். பழைய பொருள் என்கிறீர்கள். கடையில் அதைப் பிரித்து, துடைத்து, மறுபடி கோத்திருப்பார்கள். மொத்த எடையும் நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் ஒரு மரையில்தான் நிற்கிறது. அதைக் கழற்றிப் பாருங்கள்: மரை தேய்ந்திருக்கிறதா, முழு நீளமும் ஏறியிருக்கிறதா, லாக் நட்டு இருக்கிறதா. இல்லையென்றால் குறுக்கே ஒரு துளை போட்டு இரும்புப் பின் (ஊசி) ஒன்றைச் செருகிவிடச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தீபாவளிக்கு விளக்கைத் துடைப்பவர் ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு விளக்கையே சுற்றுவார். அதுவும் ஒரே பக்கமாக. ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்று கழன்றால், என்றாவது ஒரு நாள் மரை முடிந்துவிடும்.

சங்கிலி வளையங்கள் வாய் பற்றவைத்தவையாக இருக்க வேண்டும். வெறுமனே வளைத்துச் சேர்த்த அலங்காரச் சங்கிலி எடையில் வாய் திறக்கும். சங்கிலியோடு சங்கிலியாக, மெல்லிய எஃகு வடம் ஒன்றை விளக்கின் தண்டிலிருந்து கொண்டுபோய், தகட்டைச் சேராத தனி ஃபாஸ்டனர் ஒன்றில் கொஞ்சம் தொய்வாகக் கட்டிவிடுங்கள். சங்கிலி போனாலும் விளக்கு இரண்டு அங்குலம் இறங்கி நிற்கும். ஒயர் எடை தாங்கக் கூடாது. அது சங்கிலியோடு தொய்ந்து வர வேண்டும். உள்ளே துணி சுற்றிய பழைய ஒயர் இருந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள். பித்தளை உடம்பு என்பதால் எர்த் ஒயர் கட்டாயம். பதினெட்டு கையிலும் 40 வாட் குண்டு பல்பு போட்டால் 720 வாட். நாலு வாட் எல்.இ.டி என்றால் 72-தான். கண்ணாடியும் சூடாகாது.

கடைசியாக ஒன்று. இரண்டு மாடி உயரம், பால்கனிக் கதவு எதிரே இருந்தால் ஆடிக் காற்றில் விளக்கு ஊசலாடும். அந்த மாதம் மட்டுமாவது கதவைச் சாத்தி வையுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட். பிற்பாடு பெரிய விளக்கு மாட்டுகிற ஆசை இருக்கிறது. எடை இன்னும் தெரியாது. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: ஐயா, நல்ல வேளையில் கேட்டீர்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கிடைக்காத உறுதி இப்போது ஒரு துண்டுக் கம்பியில் கிடைக்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியை 'யு' வடிவில் வளைத்து, இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக ஆளுக்கு ஒரு அடியாவது மடக்கி, தளத்தின் அடிக்கம்பிகளுக்கு மேலே உட்கார வைத்து, நான்கு இடத்திலாவது கட்டச் சொல்லுங்கள். கால்கள் கம்பிக்குக் கீழே போய்விட்டால் பயன் இல்லை, கம்பிக்கு அடியில் இருக்கும் மெல்லிய கவர் கான்கிரீட் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். வளைவு தளத்துக்குக் கீழே வந்து நிற்க வேண்டும் என்பதால் சென்ட்ரிங் பலகையில் துளை போட வேண்டியிருக்கும். சென்ட்ரிங்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நீட்டிக்கொண்டிருக்கும் வளைவில் துரு வராமல் பெயின்ட் அடியுங்கள். ஒயர் பைப்பை அதன் பக்கத்திலேயே தனி பாக்ஸில் இறக்குங்கள். கொக்கியும் ஒயரும் ஒரே பாக்ஸில் வேண்டாம். கான்கிரீட் போடுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து தூரம் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் உங்களைக் கும்பிடுவார்.

விளக்கு 100 கிலோவைத் தாண்டும், மோட்டார் வைத்து இறக்கித் துடைக்கும் ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் யோசனை இருந்தால் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கம்பியைக் கொஞ்சம் கூட்டுவதோ, அந்த இடத்தில் ஒரு பீம் கொடுப்பதோ அவர் முடிவு. எனக்குக் கடிதம் எழுதி வாங்குகிற விஷயம் இல்லை அது.

கேள்வி (சென்னை வாசகி): எங்கள் ஃபிளாட் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறோம். 14 கிலோ விளக்கை அதன் இரும்புச் சட்டத்தில் மாட்டலாம், சட்டம்தானே தாங்குகிறது என்கிறார் இன்டீரியர் பையன்.

பதில்: அந்தச் சட்டம் தாங்குவது ஜிப்சம் பலகையை. பன்னிரண்டரை மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு ஒன்பது கிலோ போலத்தான் வரும், அதுவும் பரவலாக. உங்கள் 14 கிலோ ஒரே புள்ளியில் இறங்குகிறது. தகரச் சேனல் வளையும், திருகு உருவும், பலகையில் வட்டமாக விரிசல் வரும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

மேலே இருக்கும் கான்கிரீட்டிலிருந்து மரை போட்ட கம்பியை நேராக இறக்கி, ஃபால்ஸ் சீலிங்கைத் தொடாமல் துளை வழியாகக் கீழே கொண்டுவர வேண்டும். துளை கம்பியைவிடப் பெரிதாக இருக்கட்டும், விளக்கின் கிண்ணம் அதை மூடிவிடும். சீலிங் போட்ட பிறகு இதைச் செய்ய ஒன்றரை அடிச் சதுரம் வெட்டித் திறக்க வேண்டும். பூசி மறைத்துவிடலாம், கவலைப்படாதீர்கள். எல்.இ.டி டிரைவரை (எல்.இ.டிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) உள்ளே வைக்கிறார்கள் என்றால் கை போகிற ஒரு வாசலும் விடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை. தளம் நாலரை, ஐந்து அங்குலம்தான் இருக்கும். நீள ஃபாஸ்டனரை எடுத்துக்கொண்டு ஆவேசமாக டிரில் செய்து, மேல்வீட்டு டைல்ஸ் துள்ளிய பஞ்சாயத்தெல்லாம் நடந்திருக்கிறது. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு போடச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): தாத்தா கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரங்கள். முன்பு பட்டாசாலையில் விளக்குகள் தொங்கிய கொக்கிகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. மறுபடி 20 கிலோ அளவில் ஒரு விளக்கு மாட்டலாமா?

பதில்: அண்ணாச்சி, மாட்டலாம். ஆனால் கொக்கி எதில் இருக்கிறது என்று பாருங்கள். உத்திரத்தில் இருந்தால் பேசலாம். உத்திரங்களுக்கு நடுவே, சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கிய செங்கலில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்தச் செங்கல் தன்னைத்தானே நெருக்கி நிற்கிறது. அதில் ஃபாஸ்டனர் அடித்தால் பிடிக்காது என்பது மட்டுமில்லை, பக்கத்துக் கல்லும் தளரும்.

உத்திரத்தை நம்புவதற்கு முன் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. நடுவில் குத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உத்திரம் சுவருக்குள் போகிற இரண்டு முனைகளில்தான் ஓதமும் கரையானும் முதலில் வேலையைக் காட்டும். மேலே பதித்த தட்டை ஓடு விரிந்து மழைநீர் இறங்கிய தடம் இருந்தால் அந்த உத்திரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பழைய கொக்கியின் கழுத்து துருவில் மெலிந்திருந்தால் புதிது போடுங்கள். அடியிலிருந்து திருகு ஏற்ற வேண்டாம், அது மரநாரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். உத்திரத்தை இரண்டு பக்கமும் அணைக்கிற பட்டை இரும்பு கிளாம்ப் செய்து, உத்திரத்தின் பாதி உயரத்தில் குறுக்கே போல்ட்டு போடுவது நல்லது. உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் அரை நாளில் அடித்துக் கொடுப்பார். கருப்பு பெயின்ட் அடித்தால் பழைய வேலைபோலவே இருக்கும்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): ஊஞ்சலைக் கழற்றிவிட்டோம். அந்தக் கொக்கிகளில் சரவிளக்கு மாட்டலாமா?

பதில்: இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து ஆடியதைத் தாங்கிய கொக்கிக்கு அசையாத விளக்கு லேசான வேலைதான். இரண்டை மட்டும் பாருங்கள். சங்கிலி உரசிய உள்வளைவு எவ்வளவு தேய்ந்திருக்கிறது? கம்பியின் தடிமனில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் வேண்டாம். கொக்கியைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்கிறதா, பொத்தென்று கேட்கிறதா? பொத்தென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பிரிந்திருக்கிறது. விளக்கை விடுங்கள், அந்தக் கூரைக்கே வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஊஞ்சல் கொக்கிகள் நான்கும் ஹாலின் மையத்தில் இருக்காதே என்ற கவலை வேண்டாம். எதிரெதிர் கொக்கிகளில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தொங்கவிட்டு, அதன் நடுவில் விளக்கை மாட்டுங்கள். மரப்பலகையால் மூடினால் அழகாகவும் இருக்கும். ஊஞ்சலை ஏன் கழற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): எங்கள் கூரை ஃபில்லர் ஸ்லாப். நடுநடுவே மங்களூர் ஓடு பதித்தது. இதில் ஃபாஸ்டனர் அடிக்கலாமா?

பதில்: ஓட்டில் வேண்டவே வேண்டாம். ஓடு அங்கே இடத்தை அடைக்க வைத்தது, சுமை தாங்க வைத்ததில்லை. ஓடுகளுக்கு நடுவே ஓடும் கான்கிரீட் பட்டையில்தான் கம்பி இருக்கிறது, வேலையும் அங்கேதான். பட்டை குறுகலாக இருப்பதால் தகட்டைச் சதுரமாக இல்லாமல் நீளவாக்கில், இரண்டு ஃபாஸ்டனரோடு போடுங்கள். எட்டு, பத்து கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் கட்டிய இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பட்டைக்குள் கம்பி எங்கே என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): வாடகை வீடு. மூன்று கிலோ விளக்கு. வீட்டு ஓனரிடம் சொல்லாமல் மாட்டலாமா?

பதில்: மூன்று கிலோவை ஃபேன் கொக்கி தாங்கும், கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால். ஓனரை என்னால் கணக்குப் போட முடியாது. கழற்றிய ஃபேனைப் பரண்மேல் பத்திரமாக வையுங்கள், மே மாதம் வரும்போது தேடுவீர்கள்.